மில் சுவருக்குள் மூச்சு

நம்ம பத்தாம் வகுப்பு குரூப்பில் போன வாரம் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். "ரயில்வே கேட்டாண்ட பழைய ரைஸ் மில்லு ஒண்ணு இருந்துச்சே, அத ஒட்டி ஒரு ஊடு. அங்க பேய் கீதுன்னு சொல்லுவாங்களே, யாருக்குனா ஞாபகம் கீதா?" கீழே பன்னிரண்டு பேர் பதில் எழுதினீர்கள். மூச்சு விடுகிற பேய் என்றார் ஒருவர். வெள்ளை முகத்தோடு ஆடிக்கொண்டே நிற்கும் என்றார் இன்னொருவர். அங்கே ஒரு சூனியக்காரி இருந்தாள், பச்சைக் குழந்தையைக் கொன்றுவிட்டாள் என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள்.

அந்த வீட்டில் இருந்தவள் நான். ஆறாம் வகுப்பில் உங்களோடு வந்து சேருவதற்குள் நாங்கள் அதைக் காலி செய்துவிட்டோம், அதனால் உங்களில் யாருக்கும் தெரியாது. செத்துப்போனது என் சித்தியின் குழந்தை. சூனியக்காரி என்று நீங்கள் எழுதியது என் அத்தையை. நைனாவின் அக்கா. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு பேச்சு ஊருக்குள் பரவக் காரணமானவர்களில் நானும் ஒருத்தி.

நம்ம பக்கத்து வயல்களைக் கம்பெனிகள் வாங்க ஆரம்பித்த காலம் அது. பொன்னேரிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த எங்கள் குடும்பம், நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் இரும்புக் கம்பி உருட்டுகிற கம்பெனியில் வேலை கிடைத்ததும் கும்மிடிப்பூண்டிக்கு வந்தது. மில் அதற்கு முன்பே மூடிக் கிடந்தது. வாடகை குறைவு என்று அதை ஒட்டிய வீட்டைப் பிடித்தார்கள். முன்னால் இரண்டு அறை. ஒன்றில் நைனா, அம்மா, நான். இன்னொன்றில் சித்தப்பாவும் சித்தியும். பின்னால் மில் சுவரில் சாய்த்துப் போட்ட ஓலைச் சார்ப்பு. அத்தை அங்கே படுப்பாள். மாமா இறந்து, பிள்ளையும் இல்லாமல் எங்களோடு வந்துவிட்டவள். முப்பது வயதைக் கொஞ்சம்தான் தாண்டியிருப்பாள்.

சார்ப்புக்கு நேர் மேலே, மில் சுவரின் உச்சியில், காற்றுக்காக விட்ட சதுர ஓட்டை ஒன்று இருந்தது. கம்பி, கண்ணாடி எதுவும் கிடையாது. வெறும் கறுப்பு. பகலில்கூட அதற்குள் ஒன்றும் தெரியாது. அதிலிருந்து பழைய தவிட்டு வாசனையும், கூடவே வேறு ஏதோ ஒரு நாற்றமும் இறங்கும். கம்பெனிப் பக்கமிருந்து காற்றடித்தால் சுட்ட இரும்பு வாசனை வந்து இரண்டையும் மூடிவிடும்.

கார்த்திகையில் சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. மார்கழி பாதியில் அந்த மூச்சு ஆரம்பித்தது.

பொழுது சாய்ந்ததும் தொடங்கும். நெஞ்சில் சளி கட்டிய கிழவர் தூங்கும்போது விடுவாரே, அப்படி ஒரு இழுப்பு. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கும். சுவரில் காதை வைத்தால் சுவரே மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். முதலில் ஒரே மூச்சு. ரெண்டு மூணு நாள் கழித்து இரண்டு. மாசம் முடிவதற்குள் நாலு பேர் உள்ளே படுத்திருப்பது போல் ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டது.

"கம்பெனில ஸ்டீம் உடறான்," என்றார் சித்தப்பா. "அது காத்துல வருது. இதுக்குப்போயி பேஜாராவுறீங்க."

பொங்கலுக்குக் கம்பெனிகள் மூன்று நாள் மூடின. சங்கு ஊதவில்லை, புகை இல்லை. அந்தப் பொங்கலன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவருக்குள் மூச்சு எப்போதும்போல் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

அதே நாட்களில்தான் நான் உருண்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். காலையில் சார்ப்பு வாசலில் ஒன்றிரண்டு கிடக்கும். கட்டைவிரல் நீளம், கறுப்பு, மேலே வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு. அத்தை குப்பையோடு கூட்டித் தள்ளிவிடுவாள். அவள் துடைப்பம் எடுப்பதற்குள் நான் போய்ப் பொறுக்கிவிடுவேன். காய்ந்தால் சாம்பல் நிறமாகும். பிட்டுப் பார்த்தால் உள்ளே முழுக்க மயிர். மயிருக்குள் எலும்பு. ஊசி மாதிரி விலா எலும்புகள், என் சுண்டுவிரல் நகம் அளவு தாடைகள், புளியங்கொட்டை அளவில் முழு மண்டையோடு. அது எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. கூழாங்கல் பொறுக்குகிற பிள்ளை கல் எங்கிருந்து வந்தது என்றா யோசிக்கும்? சோப்புப் போட்டுக் கழுவி, தம்பிப் பாப்பாவின் காலி பால் பவுடர் டின்னில் பஞ்சு விரித்து, மண்டையோடுகளைப் பெரிசிலிருந்து சிறிசு வரை வரிசையாக அடுக்கி வைத்தேன். டின்னை அத்தையின் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள். அத்தையின் சாமான்களை யாரும் தொடுவதில்லை. அத்தையையும் யாரும் எதையும் தொட விடுவதில்லை, முக்கியமாகக் குழந்தையை.

தை மாதத்தில் ஒரு நாள் அந்தி நேரம், கொடியில் துணி எடுக்கப் போனேன். ஏதோ என் தலைக்கு மேலே போனது. சத்தமே இல்லை. ஒரு காக்கை பறந்தால்கூட இறக்கை அடிக்கிறது காதில் விழும், இது வந்ததும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது வெளுத்த வயிறு ஒன்று கறுப்பு ஓட்டைக்குள் நுழைந்தது. நுழைவதற்கு முன் தலையை மட்டும் முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தது. தட்டையான வெள்ளை முகம், இரண்டு கறுப்புக் கண். பிறகு மூச்சுகள் நாலும் ஒரே நேரத்தில் பலமாக எழுந்தன. நான் துணிகளைப் போட்டுவிட்டு ஓடினேன். அம்மாவிடம் சொன்னபோது அம்மா என் வாயைப் பொத்தினாள்.

எங்கள் வீட்டில் பறவைகள் மூன்று வகை. கும்பிடுகிறது, விரட்டுகிறது, பேரைச் சொல்லக் கூடாதது. வெள்ளைத் தலைக் கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். பருந்தைப் பார்த்தால் கோழிக்குஞ்சுகளைக் கூடையில் மூடி, கல்லெறிவோம். மூன்றாவதை "அது" என்பார்கள். அது கத்தின வீட்டில் சாவு விழும் என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மில்லுக்குள் ஒருத்தரும் எட்டிப் பார்க்காததற்கும் அதுதான் காரணம். பேரைச் சொல்லவே பயந்தவர்கள் போய்ப் பார்ப்பார்களா?

மாசி பாதியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் விடியற்காலையில் சித்தி சுடுதண்ணீர் வைக்கப் பின்பக்கம் போனவள், அலறிக்கொண்டு ஓடி வந்து விழுந்தாள். சார்ப்பு வாசலில், அத்தையின் கட்டிலுக்கு நேராக, ஒரு குடத்தின் உயரத்துக்கு வெள்ளையாக ஏதோ நின்றதாம். மனிதர் மாதிரி நிமிர்ந்து நின்று, முகத்தை அவள் பக்கம் வைத்து, இப்படியும் அப்படியும் ஆடியதாம். நைனா அரிக்கேன் எடுத்துக்கொண்டு போனபோது ஒன்றுமில்லை. அத்தை மட்டும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்று மத்தியானம் குழந்தையின் மூச்சு மாறியது. விலாவுக்குக் கீழே குழி விழ, நெஞ்சு இழுத்து இழுத்து வாங்கியது. அந்தச் சத்தத்தை எழுதக் கை வரவில்லை. சுவருக்குள் கேட்டதும் குழந்தையின் நெஞ்சில் கேட்டதும் ஒன்றாகவே இருந்தன. சித்தி சுவரையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள இருந்தது எம்புள்ள மேல எறங்கிடுச்சு," என்றாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அம்மா மட்டும் ஒரு தடவை சொன்னாள், "டாக்டராண்ட காமிச்சுடலாமே." நைனா அதைக் காதில் வாங்கவில்லை. சித்தப்பா ஆரம்பாக்கம் தாண்டிப் போய் மந்திரிக்கிறவர் ஒருத்தரைக் கூட்டிவந்தார். பாதி தெலுங்கு, பாதி தமிழ். வெற்றிலைச் சாறு வழிகிற வாய். அவர் வருவதற்கு ஒரு நாள் போனது. வேப்பிலை, எலுமிச்சம்பழம், புகை என்று இன்னொரு நாள். மூன்றாம் நாள் காலையில் பின்பக்கம் வந்து நின்று, சார்ப்பு வாசலில் புதிதாகக் கிடந்த உருண்டை ஒன்றைக் குச்சியால் பிளந்தார். மயிரும் எலும்பும் பிரிந்தன.

"இந்தாண்ட யாரு படுக்கறது?"

"எங்கக்கா," என்றார் நைனா.

"பிள்ள பெத்தவளா?"

நைனா இல்லையென்று தலையாட்டினார். அவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் குச்சியை விட்டு இழுத்தார். என் டின் உருண்டு வந்தது. மூடியைத் திறந்தார். பஞ்சின் மேல் பதினேழு மண்டையோடுகள், பெரிசிலிருந்து சிறிசு வரை, வெள்ளை வெளேரென்று.

"கழுவி அடுக்கி வெச்சிகினு கீறா பாரு," என்றார் மெதுவாக. அவர் குரலிலேயே பயம் இருந்தது. "கடைசில இன்னும் சின்னது ஒண்ணுக்கு எடம் உட்டு வெச்சிருக்கா."

கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது உண்மைதான். இன்னும் பொறுக்கலாம் என்று நான் விட்ட இடம்.

சித்தி பார்த்தது அந்த டின்னின் மேல் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தை. தன் பிள்ளை குடித்த பாலின் டின். அவள் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது?" என்றார் நைனா. "சொல்லுக்கா. உன்னுது இல்லன்னு சொல்லு."

அத்தை டின்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று, தரையில் எறும்பு போவதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். "என்னுது" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் அந்தக் குச்சி என் பக்கம் திரும்பும் என்று பட்டது. அத்தை என் மேலிருந்து கண்ணை எடுத்தாள். உள்ளே போய் இரண்டு சேலையை ஒரு பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஊர்க்கண்ணில் படாமல் நைனா கவரைப்பேட்டை வரை கூடப் போய், அங்கே ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிமோனியா, இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். மறுநாள் காலையில் வெறும் துணியோடு சித்தி திரும்பி வந்தாள்.

அத்தை போன அதே வாரத்தில் மூச்சும் நின்றுவிட்டது. நாலு மூன்றாகி, மூன்று ஒன்றாகி, ஒரு சாயங்காலம் சுவர் வெறும் சுவராக இருந்தது. தெருவே வந்து கேட்டுவிட்டுப் போனது. "பாத்தியா, அவ போனா, அதுவும் போச்சு." அதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. டின்னை நான்தான் வைத்தேன் என்று தெரிந்த எனக்கே.

எட்டு ஒன்பது வருஷம் கழித்து, காலேஜில் விலங்கியல் முதல் வருஷம். ஒரு நாள் பிராக்டிகலில் எங்கள் மேடம் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். காலேஜின் பழைய கட்டடத்துப் பரணில் எடுத்ததாம். தட்டில் அதே கறுப்பு உருண்டைகள்.

"கூகை, அதாவது வெள்ளை முக ஆந்தை, கக்கினது," என்றார். "எலியை முழுசா முழுங்கும். கறி செரிக்கும். மயிரும் எலும்பும் செரிக்காது. அதை உருட்டித் தினமும் வாய் வழியா வெளியே தள்ளிடும். தண்ணியில ஊறவச்சுப் பிரிச்சு, எத்தனை எலின்னு எண்ணுங்க."

நான் எண்ணவில்லை. தட்டை அடுத்த பெண்ணிடம் தள்ளிவிட்டு வெளியே போனேன்.

பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். கூகையின் இறகு ஓரம் சீப்பு மாதிரி நுனி பிரிந்திருக்கும், காற்றைச் சத்தமில்லாமல் கிழித்துக்கொண்டு போகும். அந்தத் தட்டை முகம் சத்தத்தைச் சேர்த்துக் காதுக்குள் தள்ளுகிற கிண்ணம். ஒரு காது மேலே, ஒரு காது சற்றுக் கீழே, அதனால் இருட்டில் எலி எங்கே கொறிக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். முட்டைகளை ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டு இடும், அதே இடைவெளியில் பொரியும். குஞ்சுகள் பசித்தால் கத்தாது. மூச்சு இழுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இரண்டு மாசம் ஆனதும் சிறகு முளைத்து ஒவ்வொன்றாகப் போய்விடும். சித்தி விடியற்காலையில் பார்த்தது, பறக்கப் பழகும்போது கீழே விழுந்த ஒரு குஞ்சு. பயந்தால் அது அப்படித்தான் நிமிர்ந்து நின்று ஆடும்.

முப்பது வருஷமாக இதையெல்லாம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். கொன்று தின்னும் பறவைகள் எல்லாம் ஒரே குடும்பம் இல்லை என்று போர்டில் எழுதுவேன். நாம் கும்பிடுகிற கருடனும் கல்லெறிகிற பருந்தும் நெருங்கிய பங்காளிகள். கூகை அவற்றுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை, அது தனி வரிசை. வல்லூறு கிட்டத்தில் நிற்பது கிளிக்கு, பருந்துக்கு இல்லை. அலகும் நகமும் ஒரே மாதிரி வளைந்திருக்கிறது என்பதற்காக ஒன்றாக்கிவிடக் கூடாது, வெளியே பார்த்து முடிவு செய்யாதீங்க என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நான் போர்டைத் துடைப்பேன்.

தெரிந்த அன்றே ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொல்லத்தான் ஊருக்கு வந்தேன். சித்தி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. அவளைப் பார்த்ததும் புரிந்தது. அது வெறும் பறவை என்று நான் சொன்னால், குழந்தையைக் கொன்றது அந்த மூன்று நாள் என்று ஆகிவிடும். அத்தையின் தலையில் இருப்பதை எடுத்து நைனாவின் தலையிலும் சித்தப்பாவின் தலையிலும் வைக்க வேண்டும். கொஞ்சம் என் தலையிலும். சாப்பிட்டுவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. நைனா போனார், சித்தப்பா போனார். இரண்டு வருஷத்துக்கு முன் சித்தியும் போன பிறகு, யார் மனசையும் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அத்தை காட்டுப்பள்ளிப் பக்கம் கருவாடு காய வைத்துப் பிழைத்தவள். துறைமுகம் பெருகியபின் வேறு இடத்தில் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். தேடிப் போனபோது வாசலில் சாக்கு விரித்துக் கருவாடு பரப்பி, மேலே வட்டமிடும் பருந்துக்குக் கம்பை ஆட்டிக்கொண்டிருந்தாள். கண் மங்கல். என் குரலை வைத்துக் கண்டுபிடித்தாள்.

டின் என்னுடையது என்று முதலில் சொன்னேன். சொல்லும்போது ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி அழுதேன்.

"தெரியும் கண்ணு," என்றாள். "தெனம் காத்தால குந்திகினு பொறுக்குவியே. நா முழிச்சிகினுதான் படுத்திருப்பேன்."

"அப்போ ஏன் அத்தே சொல்லல?"

"இன்னாத்துக்குச் சொல்றது. புள்ள செத்தது டப்பாவாலயா?"

நான் கூகையைப் பற்றிச் சொன்னேன். வகுப்பில் சொல்வதைவிட மெதுவாக, ஒன்று விடாமல் சொன்னேன். எலும்பு, மயிர், நாலு குஞ்சு, மூச்சு, சிறகு முளைத்துப் போன நாள் எல்லாம். நடுவில் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"தீனி பத்தலன்னா?"

"கடைசிக் குஞ்சைப் பெரிய குஞ்சுங்க தின்னுடும் அத்தே."

"பெத்தது பாத்துகினு இருக்குமா?"

"இருக்கும்."

கம்பைக் கீழே வைத்தாள்.

"பேரு வெச்ச அன்னிக்கு," என்றாள் பிறகு, "எல்லாரும் புள்ளய வாங்கி மடியில வெச்சிகினாங்க. நா கைய நீட்னேன். உங்க சித்தி இப்புடித் திருப்பிக்கினா. அப்போ மனசுல ஒண்ணு நெனச்சேன். இது இல்லாம பூட்டா இவ இன்னா பண்ணுவான்னு. ஒரே ஒரு தபா. அப்பால புள்ள பூட்டுச்சு." என் முகம் இருக்கும் திசையைப் பார்த்தாள். "அது பறவைன்னா, நா நெனச்சது எங்க போச்சு?"

நாற்பது வருஷத்துக்குமேல் அவள் அந்த ஒரு நினைப்போடு குடியிருந்திருக்கிறாள். மந்திரிக்கிறவர் சொன்னதை அந்த வீட்டில் முழுசாக நம்பியது அவள்தான். நிமோனியா, அத்தே, நெஞ்சுச் சளி, மூணு நாள் லேட்டு என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள்.

பக்கத்து வீட்டு மருமகள் அப்போது ஒரு கைக்குழந்தையோடு வந்தாள். கடைக்குப் போகணும், அஞ்சு நிமிஷம்தான், கொஞ்சம் வெச்சுக்கோங்கக்கா என்று என் கையில் கொடுத்தாள். "பாட்டியாண்ட குடுத்தா வாங்காது. இத்தினி வருசத்துல இந்தத் தெருவுல ஒரு புள்ளயத் தொட்டது இல்ல," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

குழந்தை என் தோளில் முனகியது. அத்தை அந்தப் பக்கம் காதைத் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் மூச்சு சீராகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள்.

"கருவாட்டுக் கை," என்றாள். "கழுவிகினு வரேன்."

பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு கைக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. நான் குழந்தையோடு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் வந்தாள். முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். மடியில் வைத்தேன். அசையாமல் இருந்தாள்.

"புள்ள இம்மாங் கனமாவா இருக்கும்?" என்று கேட்டாள்.